துணி உலர்த்தும் இயந்திரம் இயங்க மறுத்தால்: காரணம் காணும் முறை

ஈரத்துணியை உலர்த்துவதற்கு இந்நாட்டில் பெரும்பாலும் வெயிலும் காற்றுமே போதுமானவை. எனினும், மழைக்காலத்தில் பல நாட்கள் தொடர்ந்து வெயில் காணாத கொங்கணக் கடற்கரை, வடகிழக்கு மலைப்பகுதி ஆகிய இடங்களிலும், நாள்தோறும் ஏராளமான துணிகளைச் சலவை செய்ய வேண்டிய மருத்துவமனைகள், மாணவர் விடுதிகள் ஆகியவற்றிலும், கொடி கட்டுவதற்கு இடமில்லாத நகர்ப்புற அடுக்கு வீடுகளிலும் மின்சாரத்தால் இயங்கும் துணி உலர்த்தும் இயந்திரம் உபயோகத்துக்கு வந்துள்ளது.

இவ்வியந்திரத்தில் அடிக்கடி காணப்படும் கோளாறு, பொத்தானை அழுத்தியும் அது இயங்கத் தொடங்காமையாகும். அச்சமயத்தில் இரண்டு தவறான வழிகள் கையாளப்படுவதுண்டு. ஊகத்தை மாத்திரம் நம்பி உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது ஒன்று; இதனால் பணமும் காலமும் வீணாகின்றன. மின்னோட்டம் தடைபட்ட இடத்தில் இரு கம்பிகளையும் நேரே முறுக்கி இணைத்துவிடுவது மற்றொன்று. இதனால் தீ விபத்தே நேரிடக்கூடும். இயங்க மறுக்கும் இயந்திரம் பல சமயங்களில் பழுதுற்ற இயந்திரமன்று; ஆபத்தை உணர்ந்து தானே நின்றுவிட்ட இயந்திரமாகும். ஆகவே, எந்த உறுப்பு தடைசெய்தது என்று காண்பதோடு, அது ஏன் தடைசெய்தது என்பதையும் காணுதல் வேண்டும். இவ்விரண்டையும் முறைப்படி செய்வது எவ்வாறென்பதை இப்பாடம் விளக்குகிறது.

இயந்திரத்தின் அமைப்பு

துணிகளை இட்டுச் சுழற்றுவதற்கு ஓர் உருளை, காற்றைச் சூடாக்குவதற்கு ஒரு வெப்பச்சுருள், அக்காற்றை உருளையினூடே இழுத்து வெளியேற்றுவதற்கு ஒரு விசிறி, உருளையையும் விசிறியையும் இயக்குவதற்கு ஒரு மோட்டார் ஆகியவை இதன் பிரதான உறுப்புகள். மோட்டாரிலிருந்து உருளைக்கு இயக்கத்தைக் கொண்டு செல்வது பெல்ட் எனப்படும் வார்ப்பட்டையாகும். துணியினின்றும் உதிரும் நூற்பிசிறுகள் காற்றோடு செல்லாமல் தடுப்பதற்கு ஒரு வலை பொருத்தப்பட்டிருக்கும். ஈரக்காற்று ஒரு குழாய் வழியாகக் கட்டிடத்துக்கு வெளியே செலுத்தப்படும்.

ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்குவதற்குச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. துணிகளில் 2 கிலோகிராம் நீர் தங்கியிருக்குமானால் 4,800 கிலோஜூல் தேவைப்படும். வெப்பச்சுருளின் திறன் 2,000 வாட் எனக் கொண்டால், வெப்பம் சிறிதும் வீணாகாவிடினும், இதற்கு 40 நிமிடங்கள் பிடிக்கும். இவ்வளவு வெப்பத்தையும் ஓயாது எடுத்துச் செல்வது காற்றோட்டமேயாகும். காற்றோட்டம் குறைந்தால் வெப்பம் உள்ளேயே தேங்கும். இவ்வியந்திரத்தின் காப்பு உறுப்புகள் பலவும் இவ்வொரு காரணத்தை முன்னிட்டே அமைந்தவை.

மின்னோட்டத்தின் பாதை

டைமரைக் கையால் திருப்பி இயக்கும் சாதாரண இயந்திரங்களில், மோட்டாரை அடைவதற்கு முன்னர் மின்னோட்டம் பல உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்கிறது. இவை யாவும் தொடரிணைப்பில் அமைந்தவை. வழக்கமாகக் காணப்படும் உறுப்புகள் பின்வருமாறு:

1. பிளக்கும் மின்கம்பியும்
2. டைமரின் தொடுமுனை
3. கதவு ஸ்விட்ச்: கதவு சரியாக மூடினாலன்றி இது இணையாது.
4. வெப்ப உருகி: காற்றின் உஷ்ணம் வரம்பை மீறினால் உருகித் துண்டிக்கும்.
5. வார்ப்பட்டை ஸ்விட்ச்: வார்ப்பட்டை அறுந்தால் துண்டிக்கும்.
6. தொடக்கப் பொத்தான்
7. மோட்டாரின் மிகைச்சுமைக் காப்பு: மோட்டார் அளவுக்கு மேல் சூடானால் துண்டித்து, ஆறியபின் தானே இணையும்.
8. மோட்டாரின் கம்பிச் சுற்றும், அதிலிருந்து திரும்பும் நியூட்ரல் கம்பியும்

இவ்வரிசை எல்லா இயந்திரங்களிலும் ஒரே மாதிரியாக இராது. வார்ப்பட்டை ஸ்விட்ச் இல்லாத வகைகளும், வெப்ப உருகி வெப்பச்சுருளின் சுற்றை மாத்திரம் துண்டிக்கும் வகைகளும் உண்டு. ஆகையால் இயந்திரத்துக்குரிய மின்சுற்றுப் படத்தை முதலில் பார்த்துக்கொள்ளல் வேண்டும். தொடரிணைப்பின் இயல்பு யாவரும் அறிந்ததே: எட்டு உறுப்புகளில் ஏதேனும் ஒன்று துண்டித்தாலும் மின்னோட்டம் முழுவதும் நின்றுவிடும். எட்டுக் காரணங்களுக்கும் வெளியே தோன்றும் அறிகுறி ஒன்றேயாதலின், ஊகத்தால் பயனில்லை.

முன்னெச்சரிக்கை

மேல் தகட்டைக் கழற்றுவதற்கு முன், பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தல் வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மாத்திரம் போதாது. ஸ்விட்ச் தவறுதலாக நியூட்ரல் கம்பியில் பொருத்தப்பட்டிருப்பின், அணைத்த பின்னரும் இயந்திரத்தினுள் மின்னழுத்தம் இருக்கும். கண்டென்சர் எனப்படும் மின்தேக்கி உள்ள மோட்டாராயின், பிளக்கை உருவிய பின்னரும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். சுமார் 20,000 ஓம் மின்தடையொன்றை, காப்பிட்ட பிடியுள்ள கம்பிகளால் அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே சில வினாடிகள் வைத்து அதனை இறக்கிவிடல் வேண்டும். இப்பாடத்தில் இயந்திரத்தினுள் செய்யும் சோதனைகள் யாவும் மின்சாரம் இல்லாத நிலையில், மல்டிமீட்டரின் ஓம் அளவையைக் கொண்டு செய்யப்படுபவை.

இயந்திரத்துக்கு வெளியே செய்யும் சோதனை

சோதனையை இயந்திரத்தினின்றன்று, சுவரினின்றே தொடங்குதல் நன்று. இந்நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 சுழற்சி அளவில் வழங்கப்படுகிறது. 2,000 வாட் வெப்பச்சுருள் மாத்திரமே சுமார் 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே, விளக்கு, விசிறி முதலியவற்றுக்குரிய சிறிய சாக்கெட்டில் இதனை இணைத்தலாகாது. 16 ஆம்பியர் சாக்கெட்டே ஏற்றது. துளைகள் தளர்ந்த சாக்கெட்டில் பிளக்கின் முனைகள் சூடேறிக் கருகித் தொடர்பு அறுவதுண்டு. பிளக்கின் முனைகளில் கருமை காணப்பட்டால் காரணத்தில் ஒரு பகுதி அங்கேயே கிடைத்துவிட்டதெனலாம்.

டெஸ்டர் எனப்படும் நியான் விளக்குத் திருப்புளியைச் சாக்கெட்டில் வைத்து, அது ஒளிர்வதைக் கண்டவுடன் மின்சாரம் சரியாக இருக்கிறதென்று முடிவு செய்வது பலரிடமும் காணப்படும் பழக்கம். இது முழுமையான சோதனையன்று. டெஸ்டர் உயிர்க்கம்பியில் மின்னழுத்தம் உண்டு என்பதையே காட்டுகிறது. நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்திருந்தாலும் டெஸ்டர் ஒளிரும். ஆனால் இயந்திரம் இயங்காது. எனவே, உயிர்க்கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே வோல்ட் மீட்டரால் அளத்தல் வேண்டும். அல்லது நன்னிலையில் உள்ளதென அறிந்த வேறொரு சாதனத்தை அதே சாக்கெட்டில் இணைத்துப் பார்த்தல் வேண்டும்.

கசிவு மின்னோட்டக் காப்பு ஸ்விட்ச் விழுந்திருக்கிறதா என்பதையும் கவனித்தல் அவசியம். வீடுகளில் வழக்கமாகப் பொருத்தப்படுவது 30 மில்லிஆம்பியர் கசிவுக்குத் துண்டிப்பதாகும். உலர்த்தும் இயந்திரத்தை இணைக்கும்போதெல்லாம் இது விழுமாயின், இயந்திரத்தினுள் மின்கசிவு இருக்கக்கூடும். அப்போது ஸ்விட்சை மீண்டும் மீண்டும் ஏற்றிப் பார்ப்பது தகாது.

மூன்று வகை அறிகுறிகள்

சாக்கெட்டில் மின்சாரம் சரியாக இருப்பதாகத் தெரிந்தபின், கதவை நன்கு மூடிப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, எழும் ஒலியைக் கவனித்தல் வேண்டும். விளைவு மூன்று வகையாக இருக்கலாம்.

முதலாவது, எவ்வித ஒலியும் இன்மை. இது மேற்கூறிய தொடரில் எங்கோ துண்டிப்பு இருப்பதைக் குறிக்கும்.

இரண்டாவது, மோட்டார் முனகும்; ஆனால் சுழலாது. மின்னோட்டம் மோட்டாரை அடைகிறது. ஆகவே, தொடரில் மோட்டாருக்கு முந்திய உறுப்புகளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மோட்டார் சுழலும்; ஆனால் உருளை சுழலாது. வார்ப்பட்டை அறுந்துள்ளது, அல்லது நழுவியுள்ளது என்பது இதன் பொருள். பிளக்கை உருவியபின் உருளையைக் கையால் திருப்பினால், அது வழக்கத்தைவிட இலேசாகச் சுழலும்.

பாதியாகப் பிரித்துச் சோதித்தல்

ஒலியே எழாத இயந்திரத்தில், எட்டு உறுப்புகளையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்துச் செல்லலாம். ஆனால் அதனினும் சுருக்கமான முறையொன்று உண்டு. பிளக்கை உருவி, கதவை மூடி, டைமரை இயங்கும் நிலையில் வைத்து, ஒருவர் தொடக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் உயிர்முனையிலும், மறுமுனையைத் தொடரின் நடுவிடத்திலும், அதாவது நான்காம் உறுப்புக்கு அப்பாலும் வைத்தல் வேண்டும்.

மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்டினால் முதல் நான்கு உறுப்புகளும் குற்றமற்றவை. துண்டிப்பு பின் நான்கில் உள்ளது. மீட்டர் முடிவிலி காட்டினால் துண்டிப்பு முதல் நான்கிலேயே உள்ளது. எஞ்சிய நான்கையும் மீண்டும் இரண்டிரண்டாகவும், பின்னர் ஒவ்வொன்றாகவும் பிரித்தால், மூன்றே சோதனைகளில் குற்றமுள்ள உறுப்பு வெளிப்பட்டுவிடும். உறுப்புகள் 16 ஆனால் 4 சோதனைகளும், 32 ஆனால் 5 சோதனைகளும் போதும். உறுப்புகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போது சோதனை ஒன்று மாத்திரமே மிகுகிறது. இம்முறை இவ்வியந்திரத்துக்கு மாத்திரம் உரியதன்று. நீர்க்குழாயில் அடைப்பு, வானொலிப் பெட்டியில் கோளாறு, நெடுந்தொலைவுக் கம்பியில் துண்டிப்பு ஆகிய யாவற்றையும் காண்பதற்கு உதவுவதாகும்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, சில அமைப்புகளில் வெப்பச்சுருளோ மோட்டாரின் சுற்றோ குறுக்கு வழியாக அமைந்து மீட்டரை ஏமாற்றக்கூடும். 2,000 வாட் வெப்பச்சுருளின் மின்தடை சுமார் 26 ஓம். தொடர்பைக் காட்ட ஒலியெழுப்பும் மீட்டர்களில் சில, 30 ஓம் மின்தடைக்கும் ஒலிக்கும். ஆகவே ஒலியை மாத்திரம் நம்பாது, காட்டப்படும் எண்ணையும் பார்த்தல் வேண்டும். இரண்டாவது, குற்றமுள்ள உறுப்பென்று தோன்றியதை, அதன் கம்பியொன்றைக் கழற்றித் தனியே மீண்டும் சோதித்து உறுதி செய்தபின்னரே மாற்றுதல் வேண்டும்.

வெப்ப உருகி துண்டித்திருந்தால்

சோதனையில் கதவு ஸ்விட்சோ தொடக்கப் பொத்தானோ குற்றமுள்ளதெனத் தெரிந்தால், பெரும்பாலும் தேய்மானமே காரணமாகும். அதனை மாற்றுவதோடு வேலை முடிந்தது. வெப்ப உருகியின் விஷயம் வேறு. அது தேய்வதால் துண்டிப்பதில்லை; பெரும்பாலும் அதிக உஷ்ணத்தாலேயே துண்டிக்கிறது. பல இயந்திரங்களில் இது வெளியேறும் காற்றின் பாதையில் அமைந்து, சுமார் 90 பாகை சென்டிகிரேடில் உருகுகிறது. ஒருமுறை உருகினால் மீண்டும் இணையாது. எனவே, உருகியை மாற்றுபவர், அவ்வுஷ்ணம் எங்கிருந்து வந்தது என்னும் கேள்விக்கும் விடை காணக் கடமைப்பட்டவராவார்.

காற்றோட்டத்தின் முக்கியத்துவத்தை ஒரு சிறு கணக்கினால் காணலாம். வினாடிக்கு 50 லிட்டர் காற்று வெப்பச்சுருளைக் கடந்து செல்கிறதெனக் கொள்க. அதன் நிறை சுமார் 0.06 கிலோகிராம். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு பாகை சூடாக்குவதற்குச் சுமார் 1,000 ஜூல் தேவை. 2,000 வாட் வெப்பச்சுருள் இக்காற்றைச் சுமார் 33 பாகை சூடாக்கும். அறையின் உஷ்ணம் 30 பாகையாயின், சூடான காற்று 63 பாகையில் துணிகளை அடையும். பிசிறு அடைத்துக் காற்று பாதியாகக் குறைந்தால், உஷ்ண உயர்வு இருமடங்காகி, காற்று 96 பாகையை எட்டும். துணியில் ஈரமுள்ளவரை ஆவியாதலால் காற்று ஓரளவு குளிரும். ஈரம் வற்றியபின் அக்குளிர்ச்சியும் இல்லை. உலர்த்தல் முடியும் தறுவாயில் உருகி துண்டிப்பதற்கு இதுவே காரணம்.

மாணவர் விடுதியொன்றின் இயந்திரத்தில் இந்நிலை ஏற்பட்டதெனக் கொள்க. உருகியை மாற்றியவுடன் இயந்திரம் இயங்குகிறது. பத்து நாட்களில் மீண்டும் நின்றுவிடுகிறது. இப்போது விடுதியில் உள்ளவர், "உருகியே மட்டமானது" என்று கருதி அதனை நீக்கிவிட்டு நேர்க்கம்பி இணைத்துவிட்டால், இயந்திரம் நிற்காமல் ஓடும். ஆனால் அடைபட்ட குழாயில் குவிந்துள்ள பிசிறு எளிதில் தீப்பற்றுவது. அதனைத் தடுத்துவந்த ஒரே காவலும் நீக்கப்பட்டதாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையுள்ள ஆண்டுகளுக்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டுக் குடியிருப்புகளில் துணி உலர்த்தும் இயந்திரங்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துக்கள் நேர்ந்தன. அவற்றுக்கு முதன்மையான காரணம், சுமார் 34 சதவீதம், இயந்திரத்தைச் சுத்தம் செய்யத் தவறியதேயாகும்.

ஆகவே, உருகி துண்டித்த இயந்திரத்தில் மூன்று இடங்களைப் பார்த்தல் வேண்டும். முதலாவது, பிசிறு வலை. வலை பார்வைக்குச் சுத்தமாக இருப்பினும், அதில் நீர் ஊற்றினால் உடனே வழிந்து போகிறதா என்று பார்த்தல் நன்று. நீர் தேங்கினால் கண்ணுக்குத் தெரியாத படிவு உண்டு. இரண்டாவது, வெளியேற்றும் குழாய். அது நசுங்கியோ, அதிகமாக வளைந்தோ, பறவைக் கூட்டினால் அடைபட்டோ இருக்கலாம். மூன்றாவது, உஷ்ணத்தை ஒழுங்குபடுத்தும் தெர்மாஸ்டாட். இதில் ஒரு நுட்பம் உண்டு. நன்னிலையில் உள்ள தெர்மாஸ்டாட்டும், தொடுமுனைகள் ஒட்டிக்கொண்ட தெர்மாஸ்டாட்டும் அறையின் உஷ்ணத்தில் மீட்டருக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் பூஜ்யம் ஓம் காட்டும். அது இணைவதை மீட்டர் காட்டுகிறது. சூட்டில் பிரிவதைக் காட்டவில்லை. பழுதுபார்த்தபின் வெளியேறும் காற்றில் வெப்பமானியை வைத்து, உஷ்ணம் ஓரெல்லைக்குள் ஏறியும் இறங்கியும் வருகிறதா என்று பார்த்தே அதனை அறிதல் கூடும். புதிய உருகி, இயந்திரத்துக்கு உரிய அதே உஷ்ண அளவுடையதாக இருத்தல் வேண்டும்.

முனகும் மோட்டார்

ஒருமுகக் கிளர்ச்சி மோட்டார், பிரதானச் சுற்று ஒன்றை மாத்திரம் கொண்டு நின்ற நிலையிலிருந்து தானே புறப்படாது. அதற்கு ஒரு துணைச் சுற்று வேண்டும். சில மோட்டார்களில் துணைச்சுற்று மின்தேக்கியோடு இணைந்து எப்போதும் வேலை செய்கிறது. வேறு சிலவற்றில், வேகம் முழு அளவின் முக்கால் பங்கை எட்டியதும் ஒரு மையவிலக்கு ஸ்விட்ச் துணைச்சுற்றைத் துண்டித்துவிடுகிறது. மின்தேக்கி வலுவிழந்தாலும், மையவிலக்கு ஸ்விட்சின் தொடுமுனை கருகினாலும், துணைச்சுற்று அறுந்தாலும், மோட்டார் முனகி நிற்கும். மின்தேக்கி பழுதான கூரை விசிறி, கோலால் தள்ளிவிட்டால் சுழலத் தொடங்குவதைப் பலரும் கண்டிருப்பர். காரணம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் உலர்த்தும் இயந்திரத்தின் உருளையை மின்சாரம் இருக்கும்போது கையால் தள்ளிப் பார்ப்பது கூடாது.

உருளையில் துணி சிக்கியிருந்தாலும், விசிறியில் அந்நியப் பொருள் புகுந்திருந்தாலும் இவ்வாறே நேரும். மின்னழுத்தக் குறைவும் ஒரு காரணம். மோட்டாரின் தொடக்க முறுக்கு விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால், விசை 61 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. மாலையில் இயங்க மறுத்து நள்ளிரவில் நன்கு இயங்கும் இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முன், இரு வேளையிலும் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தல் வேண்டும். முனகும் மோட்டாரைச் சில வினாடிகளுக்கு மேல் அந்நிலையில் விட்டுவைத்தால் அதன் சுற்றுக் கருகிவிடும்.

மின்னணுக் கட்டுப்பாடுடைய இயந்திரங்கள்

புதிய வகைகளில் டைமருக்குப் பதிலாக மின்னணுப் பலகையும் ரிலேயும் அமைந்துள்ளன. மின்சாரம் இல்லாதபோது ரிலே திறந்தே இருப்பதால், மேற்கூறிய தொடரை ஒரே மூச்சில் அளத்தல் இயலாது. கதவு ஸ்விட்ச், உருகி முதலியவற்றைத் தனித்தனியே அளத்தல் வேண்டும். குழந்தைகள் தொடாதிருக்கப் பூட்டும் வசதியோ, தாமதமாகத் தொடங்கும் வசதியோ இயக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்ப்பது நன்று. பலகை பழுதெனும் முடிவுக்கு, ஏனைய யாவும் குற்றமற்றவை என நிறுவியபின்னரே வருதல் வேண்டும்.

வகுப்பறையில் செய்து காட்டல்

இம்முறையை மாணவர்க்கு விளக்க 230 வோல்ட் மின்சாரம் தேவையில்லை. ஓர் அட்டையில் ஒன்பது பித்தளை ஆணிகளை வரிசையாகப் பதித்து, அடுத்தடுத்த ஆணிகளை எட்டுச் சிறு கம்பிகளால் பின்புறத்தில் இணைக்க வேண்டும். ஆசிரியர் ஏதேனும் ஒரு கம்பியை மறைவாகத் துண்டித்துவிட்டு, இரண்டு டார்ச் செல்களும் ஒரு சிறு பல்பும் கொண்ட சோதனைக் கருவியை மாணவரிடம் அளித்து, மூன்றே சோதனைகளில் துண்டிப்பைக் காணுமாறு பணிக்கலாம். பின்னர் இரண்டு கம்பிகளைத் துண்டித்து வைத்தால், ஒன்றைச் சரிசெய்தபின் மீண்டும் முதலிலிருந்து சோதிக்க வேண்டியதன் அவசியமும் தானே விளங்கும்.

பயிற்சி வினாக்கள்

1. சாக்கெட்டில் டெஸ்டர் ஒளிர்ந்தும் இயந்திரம் இயங்காமைக்குச் சாக்கெட்டின் அளவிலேயே உள்ள காரணம் யாது?
2. 230 வோல்ட்டில் இயங்கும் 2,500 வாட் வெப்பச்சுருளின் மின்னோட்டத்தையும் மின்தடையையும் காண்க. (விடை: சுமார் 10.9 ஆம்பியர்; 21.2 ஓம்.)
3. தெர்மாஸ்டாட் பூஜ்யம் ஓம் காட்டுவது அது நன்னிலையில் உள்ளதென்பதற்குப் போதிய சான்றாகாதது ஏன்?
4. மாற்றிய வெப்ப உருகி பத்து நாட்களில் மீண்டும் துண்டித்தால் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள் யாவை?
5. காப்பு உறுப்பொன்றை நீக்கி நேர்க்கம்பி இணைப்பதால் இயந்திரம் இயங்குகிறது. அதனைப் பழுதுபார்த்தல் என்று கூறலாமா? காரணம் காட்டுக.